வசதியாக வாழ்வது தவறா? சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நல்ல வீடு, வாரக் கடைசியில் வெளியே சாப்பாடு, வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம் என்று வாழ்கிற பலர், கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவரையோ வீட்டில் உதவிக்கு இருக்கிறவரையோ பார்க்கும்போது மனசு உறுத்துகிறது என்கிறார்கள். இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைச் சேர்த்து, எனக்குச் சரியென்று பட்ட பதில்களை எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுபவிப்பது பாவமில்லை, ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. பிறருக்குச் சேர வேண்டிய கடன் முதலில், தானம் அடுத்து, நம் சுகம் அதற்கு அப்புறம். நம்மில் பெரும்பாலோர் மூன்றாவதில் தொடங்கி, மிச்சமிருந்தால் இரண்டாவதுக்கு வருகிறோம். முதலாவது கண்ணிலேயே படுவதில்லை.

நான் உழைத்துச் சம்பாதித்த காசு. அதை அனுபவித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உங்கள் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்புக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை உழைப்பு மட்டுமே முடிவு செய்வதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள். 1930களில் ஒரு வீட்டுத் தாத்தா கப்பலேறினார், பக்கத்து வீட்டுத் தாத்தா ஏறவில்லை. இன்று ஒருவருடைய பேரன் ராஃபிள்ஸ் பிளேஸில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவருடைய பேரன் வேலை அனுமதிச் சீட்டில் வந்து துவாஸில் கம்பி கட்டுகிறார். இரண்டாமவர் குறைவாக உழைக்கிறார் என்று யார் சொல்ல முடியும்?

நல்ல பள்ளிக்கூடம், அமைதியான தெரு, நேரத்துக்கு வரும் ரயில், உலகமே நம்புகிற துறைமுகம், இதெல்லாம் நம் சம்பளத்துக்குள் இருக்கிறது. அவற்றை நாம் தனியாக உண்டாக்கவில்லை. ‘இது முழுக்க என்னுடையது’ என்கிற பேச்சு அந்த அளவுக்குக் குறைய வேண்டும் என்பதுதான் என் வாதம். காசைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

குளத்தில் மூழ்கும் குழந்தை என்று ஒரு வாதம் இருக்கிறதாமே?

ஆமாம். பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் 1971இல் எழுதி 1972இல் வெளியான கட்டுரையில் வருவது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நேரம் அது. வாதம் சின்னது. நடந்து போகும் வழியில் ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உங்கள் உடை பாழாகும், வேறு ஆபத்து இல்லை. இறங்குவீர்களா? எல்லோரும் இறங்குவோம் என்கிறோம். அப்படியானால் தூரத்தில் சாகிற குழந்தையை அதே உடையின் விலையில் காப்பாற்ற முடியும்போது ஏன் சும்மா இருக்கிறோம் என்று அவர் கேட்டார். கண்ணில் படவில்லை, தூரம் அதிகம், மற்றவர்களும் சும்மாதான் இருக்கிறார்கள் என்கிற மூன்று சாக்கையும் அவர் ஏற்கவில்லை.

ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பலர் அதை மறுத்துப் பார்த்திருக்கிறார்கள். முழுக்கத் தட்டிவிடுகிற பதிலை நான் இதுவரை படித்ததில்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அந்தக் குளம் தூரத்திலும் இருக்கிறது, புளோக்குக்குக் கீழேயும் இருக்கிறது. அதோடு, கீழே இருப்பவருக்கும் நமக்கும் ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உண்டு. அவர் வழியில் போகிற யாரோ இல்லை. நாம் குடியிருக்கும் கட்டடத்தைக் கட்டியவர்.

அப்படியென்றால் ஒரு நல்ல சாப்பாடுகூடச் சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். சிங்கரின் வாதத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனால் பாட்டு, பயணம், அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் எதற்குமே இடமிருக்காது. அங்கே எனக்கு உடன்பாடில்லை. அன்பானவர்களோடு கூடி மகிழ்வதும் மனித வாழ்க்கையின் பகுதிதான். அதை முழுக்க விட்டவர் கொடுப்பதையும் சீக்கிரம் விட்டுவிடுகிறார். ஏழை என்றாலும் அவருக்கும் சோறு மட்டும் போதும் என்றா நினைக்கிறோம்? அவருக்கும் திருவிழா வேண்டும், பட்டுப்புடவை வேண்டும். அவருக்கு நல்லது என்று நாம் நினைப்பது நமக்கு மட்டும் எப்படித் தவறாகும்?

ஆனால் ‘எல்லாவற்றையும் விட முடியாது’ என்பதிலிருந்து ‘எதையும் விட வேண்டியதில்லை’ என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். அந்தத் தாவலைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

சிங்கப்பூரில் வறுமையே இல்லையே?

தெருவில் படுத்துக் கிடப்பவர்கள் கண்ணில் அதிகம் படாததால் இப்படித் தோன்றுகிறது. இங்கே அதிகாரபூர்வ வறுமைக்கோடு என்று ஒன்று இல்லை, அதனால் எத்தனை பேர் என்று ஒரே எண்ணில் சொல்ல முடியாது. வேறு வழியாகப் பார்க்கலாம். 2024இல் வேலை வருமானம் உள்ள உள்ளூர்க் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 11,297 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அதே ஊரில் சுமார் 50,000 குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்கக் குடும்ப வருமானம் மாதம் 1,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. சிலருக்குத் தளர்த்தியும் பார்க்கிறார்கள்.

2005இலிருந்து காம்கேர் உதவித்திட்டம் இருக்கிறது, அதனால் பட்டினி பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. ஆனால் ஐந்து பேர் ஓரறையில் இருக்கும்போது பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அட்டை மேசையை இரவு மடக்கி வைத்தால்தான் பாட்டிக்குப் படுக்க இடம். அந்தப் பிள்ளையும் துணைப்பாட வகுப்புக்கு மாதம் பல நூறு வெள்ளி கட்டும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி முடிவில் வரும் ஒரே பிஎஸ்எல்இ தேர்வைத்தான் எழுதுகிறார்கள்.

எது ஆடம்பரம், எது தேவை? கோடு எங்கே?

எல்லோருக்கும் பொதுவான கோடு கிடையாது. சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவை வாரம் மூன்று முறை டயாலிசிசுக்குக் கூட்டிப் போகிறவருக்குக் கார் தேவை. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் குடியிருந்துகொண்டு இரண்டாவது கார் வாங்குகிறவருக்கு அது ஆடம்பரம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தாண்டியது. கார் விலை அதற்கு மேல் தனி. பத்து வருடம் ஓட்டும் உரிமைக்கு மட்டும் அவ்வளவு.

எனக்கு உதவுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பொருளை யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் இதே விலை கொடுத்து வாங்குவேனா? இல்லை என்று மனசு சொன்னால், அந்தப் பணத்தில் ஒரு பகுதி பொருளுக்காகப் போகவில்லை, அடுத்தவர் கண்ணுக்காகப் போகிறது.

வெளிநாட்டு ஊழியர்கள் ஊரில் கிடைப்பதைவிட இங்கே அதிகம்தானே சம்பாதிக்கிறார்கள்? விருப்பப்பட்டுத்தானே வருகிறார்கள்?

இரண்டும் உண்மை. இங்கே வந்ததால் வீடு கட்டினார்கள், தங்கை கல்யாணத்தை முடித்தார்கள், தம்பியைப் படிக்க வைத்தார்கள். ‘இவர்களை வரவிடாமல் இருப்பதே நல்லது’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் விருப்பப்பட்டு வந்தார் என்பதால் எப்படி நடத்தினாலும் சரி என்று ஆகிவிடாது. சிங்கப்பூர்ச் சட்டப்படி இங்குள்ள ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் கட்டணம் வாங்கலாம். கடல் தாண்டி ஊரில் வாங்குகிற பணம் இந்தக் கணக்கில் வருவதில்லை. நிலத்தை ஈடு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு விமானமேறுகிறார். கடன் அடையும்வரை முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான். அப்புறம் விருப்பம் எங்கே இருந்து வரும்?

மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். மாதக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கேட்டரிங்காரர் விடியற்காலையிலேயே விடுதியில் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். பிளாஸ்டிக் பையில் சோறு, சின்னப் பையில் முடிச்சுப் போட்ட சாம்பார் அல்லது மீன் குழம்பு. தளத்தில் ஒரு கம்பியில் மாட்டி வைத்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு முடிச்சை அவிழ்த்து முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். புளித்திருந்தால் சோற்றில் ஊறுகாயைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, அட்டையை விரித்து அரை மணி நேரம் படுப்பார்கள். அவர்கள் கட்டுகிற காண்டோ என்ற தனியார் அடுக்குமாடி வீட்டின் விளம்பரப் பலகை தலைக்கு மேலேயே இருக்கும்.

2020இல் கொவிட் தங்குவிடுதிகளுக்குள் பரவியபோதுதான் ஊர் முழுக்க இவர்களைத் திரும்பிப் பார்த்தது. அப்போது விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3,23,000 பேர். அந்த வருடக் கடைசியில் வெளியான கணக்குப்படி 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருந்தது. 2021இல் புது விடுதிகளுக்கு அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் என்று விதி வந்தது. 4.2 சதுர மீட்டர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் உங்கள் வீட்டுக் குளியலறையை அளந்து பாருங்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிப் போவதைச் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது. பேருந்து வைத்தால் செலவு கூடும் என்பதுதான் சொல்லப்படுகிற முக்கியமான காரணம். அந்தச் செலவு யாருடைய வீட்டு விலையில், யாருடைய சாலையில், யாருடைய புதுப்பிப்பு வேலையில் சேர வேண்டியது? நம்முடையதில். அதைத்தான் நான் கடன் என்கிறேன்.

வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பதே தவறா?

இல்லை. சுமார் 3 லட்சம் பணிப்பெண்கள் இங்கே வேலை பார்க்கிறார்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பல குடும்பங்களால் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. கேள்வி, அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன கிடைக்கிறது என்பதுதான்.

வாரம் ஒரு ஓய்வு நாள் 2013 ஜனவரி 1இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. காசு கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்கலாம் என்ற வழி இருந்ததால் பல வீடுகளில் ஓய்வே இல்லாமல் போனது. 2023 ஜனவரி 1இலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசால் ஈடுகட்ட முடியாது. அது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். குறைந்தபட்சத்தைச் செய்துவிட்டு ‘நாங்கள் அவளை மகள் மாதிரி வைத்திருக்கிறோம்’ என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி கேட்க வேண்டியிருக்குமா? மகளுடைய பாஸ்போர்ட்டை நம் அலமாரியில் பூட்டி வைப்போமா? அது அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு மேல் மாதம் 300 வெள்ளி தீர்வை அரசாங்கத்துக்குப் போகிறது. சின்னக் குழந்தையோ வயதானவரோ இருக்கும் வீட்டுக்கு அது 60 வெள்ளிதான். அந்தச் சலுகையில் மிச்சமாகும் 240 வெள்ளியில் ஒரு பங்கைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்கலாமே? யாரைப் பார்த்துக்கொள்வதற்காக அந்தச் சலுகை கிடைக்கிறதோ, அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டிவிடுகிறவர் அந்தப் பெண்தான்.

சாப்பாட்டு மேசையையும் சொல்ல வேண்டும். உணவகத்தில் ஆறு பேர் சாப்பிட, பக்கத்து நாற்காலியில் தட்டே இல்லாமல் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது காசுப் பிரச்சினையே இல்லை.

நான் செலவழிப்பதால்தானே பலருக்கு வேலை கிடைக்கிறது?

ஓரளவு உண்மை. எல்லோரும் உணவகத்துக்குப் போவதை நிறுத்தினால் முதலில் அடிபடுகிறவர் பாத்திரம் கழுவுகிறவர்தான். ஆனால் எல்லாச் செலவும் ஒரே அளவு வேலை கொடுப்பதில்லை. பிராண்டு கைப்பைக்கு ஐயாயிரம் வெள்ளி கொடுத்தால் அதில் உள்ளூர்க் கடை ஊழியருக்குப் போவது கொஞ்சம். அதே பணம் முதியோர் பராமரிப்புக்கோ தையற்காரருக்கோ துணைப்பாடம் எடுக்கும் கல்லூரி மாணவருக்கோ போனால் பெரும்பகுதி கூலியாகவே போய்ச் சேரும். வேலை கொடுப்பதற்காகத்தான் செலவழிக்கிறேன் என்றால், எங்கே அதிகம் வேலையாகிறதோ அங்கே செலவழியுங்கள்.

தங்கம் நம் பண்பாடு. கல்யாணம் ஒருமுறைதான். அதில்கூடக் கணக்குப் பார்ப்பதா?

ஒரு ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டையோடு ஒரு தம்பி, அரைப் பவுன் சங்கிலி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போனில் ஊரிலிருக்கும் தங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கொக்கிப் பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி திருப்பிக் காட்டினார். ‘வேண்டாம்ணா, இதைவிடச் சின்னதா எடு’ என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது. அவர் கேட்கவில்லை. செய்கூலி எவ்வளவு என்று விசாரித்து, போனிலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, முன்பணம் கட்டி எடுத்துவைக்கச் சொன்னார். அதே மேடையில் ஒரு குடும்பம் மூன்றாவது தட்டு வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தரப்புமே தங்கம்தான் வாங்கியது. தங்கத்தைத் தப்புச் சொன்னால் அந்தத் தம்பியையும் சேர்த்துச் சொல்வதாகிவிடும், அது எனக்குச் சம்மதமில்லை. ஒரு பெண்ணுக்குக் கையில் இருக்கும் தங்கம் எத்தனையோ குடும்பங்களில் கடைசிக் காவல்.

நான் கேட்பது கல்யாணச் செலவில் வீணாகப் போவதைப் பற்றி. ஹோட்டல் விருந்தில் பத்துப் பேர் மேசை ஒன்றுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகிறது. இரண்டு மேசை காலியாகவே கிடக்கும், யாரும் கவலைப்படுவதில்லை. மிச்சத்தை விடுதிக்கு அனுப்பிவிடலாமே என்பார்கள். கேட்டரிங் உணவைச் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள அறிவுரை. இரவு பதினொரு மணிக்கு மிச்சத்தை அள்ளிக் கொடுத்துத் திருப்திப்படுவதை நான் தானம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மேசையைக் குறைத்து, அந்தப் பணத்தில் அவர்களுக்கென்று சூடாகத் தனியே சமைக்கச் சொல்லுங்கள். விருந்தாளிக்கு என்ன இனிப்போ அதே இனிப்பு.

கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறோம். போதாதா?

அன்னதானம் பெரிய காரியம். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தவரிடம் சாதியும் ஊரும் கேட்காத மரபு நம்முடையது. இங்கேயும் பல கோயில்களில் மதியம் வரிசையில் நிற்பவர்களில் வேலை இழந்த ஊழியர்களும், தனியாக இருக்கும் முதியவர்களும் உண்டு.

ஆனால் பசி ஒரு வேளை தீர்ந்ததும் அவருடைய பிரச்சினை தீர்வதில்லை. காலில் கம்பி விழுந்து, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை வேலை செய்ய முடியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008இலிருந்து லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. சாப்பிட வருகிறவரிடம் வழக்கு என்னவாயிற்று என்றும் அங்கே கேட்கிறார்கள். ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளும் சட்ட உதவி, தங்கும் இடம், மருத்துவம் என்று பார்க்கின்றன. கோயிலுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் சிண்டாவுக்குப் பிடிக்கிறார்களே?

1991இல் தொடங்கிய சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் பணி மதிப்புள்ளது, அதிலிருந்து விலகாதீர்கள். ஆனால் பிடிப்பது சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளிவரைதான். 15,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்கும் 30 வெள்ளி. அது தொடக்கம்.

சரி, எவ்வளவு கொடுத்தால் போதும்?

இந்தக் கேள்விக்கு மதங்கள் கூச்சமில்லாமல் எண் சொல்லியிருக்கின்றன. இஸ்லாத்தில் ஸகாத், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு வருடம் கையில் நிற்கும் செல்வத்தில் 2.5 விழுக்காடு. நம் ஊர்த் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் அதைக் கணக்குப் பார்த்துத் தள்ளி வைப்பதைக் கண்டு நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்தவர்களிடம் பத்தில் ஒரு பங்கு என்ற வழக்கம் உண்டு, சீக்கியர்களிடமும் உண்டு. எண் இருப்பதில் ஒரு நன்மை, ஒவ்வொரு முறையும் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

என் யோசனை இது. கடன் நெருக்கடியில் இருப்பவர் எதுவும் கொடுக்க வேண்டாம், அவர் குடும்பத்தைப் பார்க்கட்டும். இடைநிலை வருமானக் குடும்பம் நூற்றுக்கு இரண்டு மூன்றில் தொடங்கலாம். காண்டோவும் காரும் இருப்பவர் பத்துக்குக் கீழே நின்றால் ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் உயரும்போது செலவைக் கூட்டுவதற்கு முன் இதைக் கூட்டுங்கள்.

இங்கே அங்கீகரிக்கப்பட்ட பொதுநல அமைப்புகளுக்குக் கொடுத்தால், கொடுத்ததைப்போல இரண்டரை மடங்கு வருமானத்திலிருந்து கழித்து வரி போடுகிறார்கள். நன்கொடைக்கு முன் அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மிச்சமாகும் வரியையும் அடுத்த வருட நன்கொடையில் போட்டுவிடலாம்.

இங்கே கொடுப்பதா, ஊருக்கு அனுப்புவதா, முகம் தெரியாத நாட்டுக்கா?

பணம் எங்கே அதிக தூரம் போகும் என்று பார்த்தால், மிக ஏழை நாடுகளில்தான். உலக வங்கி 2025இல் கடும் வறுமைக்கோட்டை நாளுக்கு 3 டாலராக மாற்றியது. அதற்கும் கீழே சுமார் 80 கோடிப் பேர் இருக்கிறார்கள். அந்த 3 டாலர், விலைவாசி வித்தியாசத்தையும் சரிக்கட்டிய பிறகு வருகிற கணக்கு. கொசுவலை, மலேரியாத் தடுப்பு மருந்து போன்றவற்றின் மூலம் ஓர் உயிரைக் காக்கச் சில ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும் என்று கிவ்வெல் என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஐரோப்பியப் பயணத்தைவிடக் குறைவு. வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு மேலே சொன்ன வரிச்சலுகை கிடையாது, அதற்காக விட்டுவிட வேண்டாம்.

ஆனாலும் நான் இரண்டாகப் பிரிக்கிறேன். தூரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது இரக்கத்தால். இங்கே நம் வீட்டையும் ரயில் பாதையையும் கட்டியவருக்குச் செய்வது நன்றியாலும் நியாயத்தாலும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊரில் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே?

மருத்துவம், படிப்பு என்றால் கொடுங்கள். முடிந்தால் நேரே மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் கட்டுங்கள். மாடி வீடு, புது பைக் என்றால் இல்லை என்று சொல்லப் பழகுங்கள். அவர்களுடைய ஆடம்பரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுத வேண்டாம்.

சின்ன வயதில் நான் பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும். இப்போது கொஞ்சம் அனுபவிக்கக் கூடாதா?

கட்டாயம் அனுபவியுங்கள். ஓரறை வீட்டில் அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்து வளர்த்தவர், இன்று அம்மாவைக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிப் போகிறார் என்றால் அதைப் பார்த்து மகிழாமல் இருக்க முடியுமா? இப்படிக் கேட்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. கஷ்டப்பட்டவருக்கு என்ன தேவைப்படும் என்று உங்களைப்போல வேறு யாருக்கும் தெரியாது. புத்தகம் வாங்கிக் கொடுத்த ஆசிரியர், கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக் கடைக்காரர் என்று யாராவது உங்களுக்கும் இருந்திருப்பார்கள். ‘நான் முன்னேறினேன், அவனும் முன்னேறட்டும்’ என்று பேசும்போது அவர்களையெல்லாம் கதையிலிருந்து வெட்டிவிடுகிறோம்.

பயணப் படங்களை ஃபேஸ்புக்கில் போடலாமா?

போடலாம். விலை தெரிகிற மாதிரிப் போட வேண்டாம்.

நம் இலக்கியத்தில் இதற்கு என்ன பதில்?

ஒரே ஒரு பாட்டைச் சொல்கிறேன், புறநானூற்றில் 189. உலகம் முழுவதையும் ஒரு குடையின்கீழ் ஆளும் அரசனும், இரவெல்லாம் தூங்காமல் விலங்கைத் தேடித் திரிகிற படிக்காத வேட்டுவனும் உண்பது ஒரே நாழி அளவு உணவு, உடுப்பது இரண்டே துணி. ஆகவே செல்வத்தின் பயன் கொடுப்பதுதான், நாமே அனுபவிப்போம் என்று கிளம்பினால் தவறிப்போவது பல என்கிறார் நக்கீரர். அனுபவிப்பவரை அவர் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வயிற்றுக்கு ஒரு அளவு உண்டு, அதற்கு மேல் போவதில் சுகமும் கூடுவதில்லை என்கிறார். மூன்றாவது காரை வாங்கியவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது இல்லையா?

பெரும்பகுதி ஆமாம். 2014இல் துப்புரவு வேலையில் தொடங்கிய படிப்படியான சம்பள முறையால், நாம் கூடிக் கொடுத்தாலும் முடியாத அளவுக்கு உள்ளூர் ஊழியர்களின் சம்பளம் உயர்ந்தது. நன்கொடை அந்த வேலையைச் செய்யாது. ஆனால் அந்த முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு இல்லை, அவருக்கு வாக்கும் இல்லை. வாக்கு நம்மிடம் இருக்கிறது, மக்களைச் சந்திக்கும் கூட்டத்தில் எம்பியிடம் போய் உட்காரும் உரிமையும் நம்மிடம்தான்.

2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்றதும் 1,400க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விடுதி வந்தது, ஆனால் குடியிருப்புத் தெருக்கள் வழியாகப் போகாமல் இருக்கத் தனிப் பாதை போட்டார்கள். நம் பேட்டையில் அப்படி ஒரு மனு சுற்றுக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் இருப்பதும், ஏன் போடவில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வதும் நன்கொடையைவிடக் கடினம். அதற்கு வரிச்சலுகையும் இல்லை.

யோசித்தால் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். அதை வைத்து என்ன செய்ய?

அதை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்ட பிரியாணியால் யாருக்கும் வயிறு நிறைவதில்லை. உறுத்தினால் இரண்டில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். யாருக்காவது தர வேண்டியதைத் தராமல் இருக்கிறேனா? அப்படியானால் தந்துவிடுங்கள், உறுத்தல் போகும். அப்படி எதுவும் இல்லை, உலகம் இப்படி இருக்கிறதே என்ற வருத்தம்தான் என்றால், அந்த வருத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல வருத்தம்.

இந்த வாரமே ஏதாவது ஒன்று செய்ய வேண்டுமென்றால்?

பணிப்பெண் இருந்தால், அவர் பாஸ்போர்ட் எங்கே, கடைசி ஓய்வு நாள் எப்போது, சம்பளம் எந்தத் தேதியில் கைக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். மாத நன்கொடையை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் ஜைரோவில் போட்டுவிடுங்கள், சம்பள நாளுக்கு அடுத்த நாள் போகிற மாதிரி.

வீட்டில் புதுப்பிப்பு வேலை நடக்கிறதா? ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போதே, மற்றவரைவிட அவர் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட இடமும் கழிவறையும் கொடுங்கள். கடைசித் தவணை கட்டுவதற்கு முன், ஓடு பதித்த தம்பியிடமே தமிழில் கேளுங்கள், சம்பளம் வந்துவிட்டதா என்று. வரவில்லை என்றால் சம்பளத் தகராறுகளைப் பார்க்கிற டிஏடிஎம்மில் புகார் கொடுக்கலாம், துணைக்கு டிடபிள்யூசி2 அல்லது ஹோமுக்குக் கூட்டிப் போகலாம். வேலையில் இருக்கும்போதே புகார் செய்தால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு வந்து நிற்பவர்கள் பலர் இருப்பதால், இந்தக் கணக்கை அவர் போனிலேயே குறித்துக்கொடுத்துவிடுங்கள்.